லெசூட்டு என்று சொல்ல வேண்டும்

செவ்வாய்க்கிழமை காலை எட்டரை, கொலம்பஸ், ஒஹாயோ.
பதினோராம் மாடிக்குக் கீழே சியோட்டோ ஆறு
இரண்டாம் முறை கொதிக்கவிட்ட தேயிலையின் நிறத்தில்.
மேசைமேல் ஆண்களுக்கான ஜீன்ஸ் ஒன்று.
மசேரு நகரில் தைத்தது,
கூரியர் பையில் ஆறு நாள் வந்தது.

அளந்தேன். அளப்பதற்குத்தான் சம்பளம்.
இடுப்பு சரி. முழங்காலில் கால் அங்குலம் கூடுதல்.
பெரிய பைக்குள் ஒரு குட்டிப் பை இருக்குமே,
எதற்கென்று எவருக்கும் தெரியாதது,
அதற்குள் விரல் விட்டேன்:
நூல் பிசிறு, கொஞ்சம் நீலத் தூசு,
பரிசோதித்தவர் எண் பதினான்கு என்றொரு சீட்டு.

அங்கே ஏழு டாலர் நாற்பது காசு.
இங்கே கடையில் அறுபதுக்கு ஒரு காசு குறைவு.
நடுவில் இருப்பது கடல் என்பார்கள்.
கடல் அவ்வளவு கேட்பதில்லை.

ஒன்பதரைக்குக் கூட்டம்.
அந்த நாட்டுத் துணியைத் தீர்வையில்லாமல் உள்ளே விட்ட சட்டம்
நேற்று நள்ளிரவோடு முடிந்துவிட்டது.
யாரும் கிழிக்கவில்லை, எதிர்த்து வாக்களிக்கவில்லை.
குளிர்பெட்டியில் மறந்த பால்போலத்
தேதி கடந்துவிட்டது, அவ்வளவுதான்.
"ஆக, இந்த லெசோத்தோ..." என்று கிரெட்சன் தொடங்கினாள்.
"லெசூட்டு" என்றேன்.
"ஓ, நன்றி" என்றாள், மெய்யாகவே.
குறிப்பேட்டில் எழுதி அடிக்கோடும் இட்டாள்.
ஒன்றேகால் மணி நேரக் கூட்டத்தில்
நான் திருத்தியது அது ஒன்றைத்தான்.

அதைச் சொல்லித் தந்தவள் லினேயோ.
அங்கே தயாரிப்பு மேலாளர், நாலு வருடத் தொலைபேசிப் பழக்கம்.
"நாட்டின் பெயரை ஒழுங்காகச் சொல்,
பிறகு பொத்தானைப் பற்றிப் பேசலாம்" என்றவள்.
இன்று பொத்தானைப் பற்றிக் கேட்கவில்லை.
"வெட்டியாகிவிட்டது" என்றாள்.
"நாற்பதாயிரம் ஜோடிக் கால்கள் மேசையில் கிடக்கின்றன.
எந்த இடுப்பில் வைத்துத் தைக்கட்டும்?"
பின்னால் இயந்திரங்கள் ஓடிக்கொண்டுதான் இருந்தன.
மேலிடத்தில் கேட்டுச் சொல்கிறேன் என்றேன்.
மேலிடம் என் அடுத்த அறையில்
மஃபின் தின்றுகொண்டிருந்தது.

மதியம் திருப்பூரிலிருந்து குரல்செய்தி.
தெய்வசிகாமணி, பள்ளியில் என் பெஞ்சு.
"டேய், ஆப்பிரிக்கா ஆர்டர் ஒண்ணு கழண்டு வருதாமே?
நாங்க பனியன்காரங்கதான், ஆனா ஜீன்ஸும் தைப்போம்.
ரெண்டு லைன் சும்மா நிக்குதுடா."
எனக்கே மூன்று மணி நேரம் முன்பு தெரிந்தது
அவனுக்கு எப்படித் தெரிந்தது?
பக்கத்துப் பந்தி கலைந்தால்
நம் இலைக்கு இன்னொரு கரண்டி வரும் என்கிற கணக்கு.
அவனைக் குறை சொல்ல மாட்டேன்,
என் கல்லூரிக் கட்டணம் அந்தக் கணக்கில் வந்ததுதான்.
பரிமாறுகிறவன் எங்கே நிற்கிறான் என்று
அவனும் நிமிர்ந்து பார்த்ததில்லை, நானும்.

மாலை லினேயோவுக்கு எழுத உட்கார்ந்தேன்.
விதிப்பதும் வரி, எழுதுவதும் வரி;
என் மொழி இரண்டையும் ஒரே சொல்லில் போட்டு வைத்திருக்கிறது.
மூன்று வரியில் முடித்தேன்.
'வருந்துகிறோம்' என்பதில் பன்மை வசதியாக இருந்தது.

அதன்பின் அடுத்த பருவத்துக்கான படிவம்.
'தைத்த நாடு' என்றொரு கட்டம்.
வேறு பெயர் இட வேண்டும்,
விரல் பழக்கத்தில் எல் என்ற எழுத்தைத் தட்டிவிட்டது;
மிச்ச ஆறையும் கணினியே நிரப்பியது.
ஒவ்வொன்றாக அழித்தேன்.
எட்டாவது முறையும் அழுத்தியிருக்கிறேன் போல,
அழிக்க ஒன்றுமில்லை என்று
டங் என்றது.